ஏழுமலை ஷெட்டில் மூன்று நாள்

தம்பி,

வெள்ளிக்கிழமை காலையில் நீயும் உன் மனைவி ஜெனியும் அந்த வேனை எடுத்துக்கொண்டு பயணம் கிளம்புகிறீர்கள். அதற்கு முன்னால் இதை உன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று நான்கு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ராயபுரம் கடையில், பில் போடுகிற மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தார்ப்பாயோ கயிறோ கேட்டு யாராவது வந்தால் எழுந்து போகிறேன். திரும்பி வந்து பார்த்தால் கடைசியாக எழுதின வரி எனக்கே பிடிப்பதில்லை. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் ஆரம்பிக்கிறேன். நேரில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்கலாம். நேரில் நாம் இரண்டு பேரும் என்றைக்குப் பேசியிருக்கிறோம்? சாப்பிட்டியா, கடையைப் பூட்டியாச்சா, வண்டிக்கு டீசல் போட்டியா. கல்யாணத்தன்று கூட மண்டபத்தில் உன்னிடம் நான் பேசியது, 'சட்டைக் காலரைச் சரி பண்ணு' என்பது மட்டும்தான்.

வழிப்பயணத்தில் வண்டி நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும், நல்ல மெக்கானிக் கையில் எப்படி ஒப்படைக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. வண்டியைப் பற்றி என்னைவிட உனக்குத்தான் தெரியும். ஆனால் எனக்கும் உன் அம்மாவுக்கும் ஏழுமலை என்ற மனிதர் ஷெட்டில் கிடைத்த மூன்று நாளை நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உன்னிடம் இதுவரை நான் சொன்னது பாதிதான். அந்தப் பாதியும் பொய்.

முதலில் அந்த வேன் எதற்காக வந்தது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். உன் அம்மா முப்பது வருஷம் திருவொற்றியூரில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினாள். சுவரில் இந்தியப் படத்தை மாட்டி, கடற்கரை ஓரமாகவே விரலை நகர்த்தி, இது பழவேற்காடு ஏரி, இது கோதாவரி, இது சிலிகா ஏரி என்று காட்டியவள், கும்மிடிப்பூண்டியைத் தாண்டினதில்லை. எங்காவது கூப்பிட்டால் முழங்கால் வலி என்பாள். கடையை யார் பார்ப்பது என்பாள். நானும் அதை நம்பிக்கொண்டேன், எனக்கு அது வசதியாக இருந்ததால். நீதான் ஒருநாள் என்னிடம் வந்து, "அப்பா, அம்மா பஸ்ல ஏறுறதுக்கு முந்தின நாளே தண்ணி குடிக்கிறத நிறுத்திடறாங்க, கவனிச்சீங்களா?" என்று கேட்டாய். சர்க்கரை வந்த பிறகு அவளுக்கு அடிக்கடி போகவேண்டி இருந்தது. வழியில் இறங்கி எங்கே போவது என்ற பயம். ஓடுகிற ரயிலின் கழிப்பறையில் உட்கார்ந்து எழ முழங்கால் விடாது. முப்பத்திரண்டு வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியவன் நான். எனக்கு அது தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு ஓடிக் கழித்த அந்தப் பழைய வேனை நீ வாங்கி, மாதவரத்தில் சிநேகிதனுடைய லாரி யார்டில் நிறுத்தி, எட்டு மாதம் சனி ஞாயிறு எல்லாம் அங்கேயே கிடந்தாய். கட்டில், அடுப்பு, அலமாரி, ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி. எல்லாவற்றுக்கும் மேலே, அவள் முழங்கால் உயரத்தை அளந்து வைத்த அந்தக் கழிப்பறை, எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கம்பி. முடித்து எங்கள் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு நீ புனேவில் புது வேலைக்குப் போனாய். போகும்போது ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தாய். அதில் சிவப்பு மையில் ஒரு வரி: பின் சக்கரத்துக்குப் பின்னால் எந்த எடையும் ஏற்றாதீர்கள்.

அந்த வரியை நான் படித்தேன், தம்பி. படித்துவிட்டுத்தான் செய்தேன். நீ வைத்திருந்த தொட்டி போதாது, வழியில் குளிக்க வேண்டாமா என்று சொல்லிக்கொண்டு, தெரிந்த வெல்டர் ஒருவரைக் கூப்பிட்டு, வண்டியின் பின்பக்கம் அடியில் இரும்பு ஆங்கிள் வைத்து ஒரு பெரிய தொட்டியை மாட்டச் சொன்னேன். அவர் தயங்கினார், நான் அவசரப்படுத்தினேன். "தம்பி எழுதி வச்சிருக்கானே, அவன்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க" என்று உன் அம்மா சொன்னாள். "அவன் சின்னப் பய, அவனுக்கென்ன தெரியும்" என்றேன். தொட்டியை நிரப்பி இரண்டு வாரம் தெருத் தெருவாக ஓட்டியும் பார்த்தேன். இப்போது யோசித்தால், தண்ணீர் எனக்குப் பெரிய கவலையாக இல்லை என்று தெரிகிறது. தெருவே அந்த வேனைப் பார்த்து உன்னைப் பாராட்டியது. எட்டு மாதமாக எல்லார் வாயிலும் நீதான். அந்த வண்டியில் என் கைவேலை என்று காட்ட எனக்கும் ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. பெற்ற மகனிடம் அப்பனுக்கு இப்படி ஒரு புத்தி வருமா என்றால், வரும். எனக்கு வந்தது.

கிளம்பின அன்று போதகர் வந்து வண்டிக்கு முன்னால் நின்று ஜெபம் பண்ணினார். பக்கத்துக் கடைக்காரர்கள் கண்ணாடிக்கு மாலை போட்டார்கள். உன் அம்மா, தான் வேலைபார்த்த பள்ளிக்கூடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்றதால் திருவொற்றியூர் வழியாகப் போய், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று போய், சிலிகா வரை செல்ல நெடுஞ்சாலையைப் பிடிக்கத் திட்டம். தண்டையார்பேட்டை தாண்டும்போதே பிரேக் பெடல் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை. மாலை போட்டு அனுப்பி அரை மணி நேரம் கூட ஆகவில்லை, அதற்குள் எப்படி நிறுத்துவது? பள்ளிக்கூடத்தை ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டுத் தாண்டி, எர்ணாவூர் மேம்பாலம் ஏறி இறங்கும்போது, கீழே கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. பிரேக்கை மிதித்தேன். பெடல் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தேன், முன் சக்கரத்தில் மட்டும் லேசாக ஏதோ பிடித்தது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். உன் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கடைசியாக நின்ற டிரெய்லரின் பின் பம்பருக்கும் எங்களுக்கும் ஒரு கை நீளம் இருந்தபோது வண்டி நின்றது.

அந்த டிரெய்லரின் டிரைவர் குதித்து ஓடி வந்தான். "நைனா, காலை எடுக்காத! அப்டியே மெறிச்சிக்கினு இரு!" என்று கத்திக்கொண்டே நாலு சக்கரத்துக்கும் கல் வைத்தான். பிறகு ஜன்னலுக்கு வந்து, "இன்னா பெருசு, வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்றான். அது சென்னையில் திட்டு. ஆனால் நான் நிஜமாகவே வீட்டில், தெருவில், சபையில் எல்லாம் சொல்லிவிட்டுத்தானே வந்திருந்தேன்? எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. இறங்கினேன். சுற்றி டிரைவர்கள் பத்துப் பேர். அவர்கள் நடுவில் நின்றுகொண்டு உனக்குப் போன் போட்டேன்.

"ஏலே, என்ன வேலலே செஞ்சு வச்சிருக்க? இன்னிக்கு உங்க அம்மையக் கொண்டுபோய் லாரிக்கு அடியில விட்டிருப்பேன். என்னத்தலே படிச்ச நீ?"

இதைவிட மோசமாகவும் சொன்னேன். அவற்றை எழுத என் கை வரவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது நீ, "அம்மாவுக்கு அடி ஒண்ணும் இல்லையேப்பா?" என்று மட்டும் கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன்.

திட்டின டிரைவர்தான் எங்களைக் காப்பாற்றினவன். அவன் பேர் சேகர். "கண்ட எடத்துல வண்டிய உட்டுடாத பெருசு. நம்ம ஏழுமலை கீறாரு. அவரு கை வெச்சா தப்பாது" என்று போன் போட்டான். இருபது நிமிஷத்தில் ஒரு பழைய மினி லாரியில், ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான ஒரு மனிதர் வந்தார். கட்டி இழுக்கக் கயிறு கொண்டுவரவில்லை, கனமான இரும்புக் கம்பி கொண்டுவந்திருந்தார். பிரேக் இல்லாத வண்டியைக் கயிற்றில் கட்டினால் அது முன்னால் போகிற வண்டியிலேயே மோதும் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் வந்ததும் வண்டியைப் பார்க்கவில்லை. உன் அம்மாவைப் பார்த்தார். தன் பாட்டிலில் இருந்த தண்ணீரை அவளிடம் நீட்டினார். "மொதல்ல இத குடிங்கம்மா. வண்டி எங்கியும் ஓடிறாது" என்றார். அவளும் குடித்தாள். வீட்டுக்கு வெளியே, யோசிக்காமல், முழு பாட்டிலையும் அவள் குடித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஷெட் திருவொற்றியூரில், லாரிகள் நிற்கிற ஒரு மைதானத்தை ஒட்டி இருந்தது. தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த தரை. முன்னால் ஒரு சின்ன அறையில் அவர் மனைவி தனம். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கி வருவது, எந்த வண்டிக்கு என்ன மாற்றினோம் என்று குறித்து வைப்பது, டிரைவர்களை அதட்டுவது எல்லாம் அந்த அம்மாதான். உனக்கு ஒன்று சொல்லவேண்டும். தெற்கேயிருந்து வந்து நாற்பது வருஷம் இந்த வடசென்னையில் பிழைக்கிறவன் நான். இந்த லாரிக்காரர்கள் வாங்குகிற தார்ப்பாயில்தான் நாம் சாப்பிட்டோம். இருந்தும் அவர்கள் பேச்சை நான் மட்டமாகவே நினைத்தேன். ஆறு வயதில் நீ 'வூட்டுக்குப் போலாம்பா' என்று சொன்னதற்கு உன்னை அடித்திருக்கிறேன். அந்தப் பேச்சுப் பேசுகிறவர் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டு, அவர் ஏமாற்றுகிறாரா என்று பார்க்க ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன்.

அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "குந்துங்க சார், நல்லது. கூட இருந்து பாத்தாதான் உங்களுக்கும் தெரியும்" என்றார். உடனே ஸ்பேனரை எடுக்கவும் இல்லை. "இன்னா ஆச்சி, மொதல்ல இருந்து சொல்லுங்க. பெடலு எப்ப மெத்துனு ஆச்சி?" என்று கேட்டார். பாலத்தில்தான் என்றேன். தண்டையார்பேட்டையைச் சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் போனார். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"சார், கொஞ்சம் குனிஞ்சி பாருங்க."

பார்த்தேன். தொட்டியைத் தாங்குகிற ஆங்கிளின் முனை, பின் சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப்பில் உரசி உரசி அதை அறுத்திருந்தது. எண்ணெய் வழிந்து ஈரமாக இருந்தது. அந்தப் பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கும் எடை தாங்காமல் விரிசல் விட்டிருந்தது.

"இத யாரு வெச்சது?"

"எல்லாம் மகன் செஞ்சதுதான்" என்றேன்.

இந்த வரியை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று, தம்பி. போனில் திட்டினபோதாவது எனக்குக் காரணம் தெரியாது. பயத்தில் வந்த வார்த்தைகள் என்று சொல்லிக்கொள்ளலாம். இது தெரிந்தே சொன்னது. உன் அம்மா இரண்டடி தள்ளி நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழுமலை அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்தார். வேனுக்குள் ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து நிதானமாகச் சொன்னார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள ஒயரிங்க பாத்தேன். ஒவ்வொரு ஒயருக்கும் சீட்டு ஒட்டி, எது எங்க போவுதுனு எய்தி வெச்சிகீறாரு. போல்ட்டு எல்லாத்துக்கும் பெயின்ட்டுல கோடு போட்டுகீறாரு, லூசானா தெரியறதுக்கு. முப்பது வருசமா வேல செய்றேன், எனக்கே அவ்ளோ பொறுமை கெடையாது. இப்பேர்ப்பட்டவன் பிரேக் பைப்பு மேல ஆங்கிள வெச்சி வெல்டிங் அடிப்பானா? இது உங்க பையன் வேல இல்ல."

நான் ஸ்டூலுக்குத் திரும்பினேன். அவர் விடவில்லை.

"டாக்டராண்ட பொய் சொன்னா அவரு ஸ்கேன் எடுத்து கண்டுபுடிச்சிருவாரு சார். எங்கிட்ட சொன்னா, நா தப்பான எடத்த கயட்டிகினு இருப்பேன். நாளைக்கி ரோட்டுல போவப்போறது நீங்களும் அம்மாவும்தான்."

குரலை உயர்த்தவில்லை. என்னை அவமானப்படுத்த வேண்டும் என்ற எண்ணமும் அதில் இல்லை. தன் வேலை சரியாக நடக்க வேண்டும் என்பதுதான் இருந்தது. நான் சொன்னேன். தொட்டியைச் சொன்னேன், சிவப்பு மையில் எழுதின வரியைச் சொன்னேன், தண்டையார்பேட்டையையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "செரி வுடுங்க, இப்ப தெரிஞ்சிபோச்சி இல்ல" என்று மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டார். தனம்தான் அந்தக் கழிப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு, கம்பியைப் பிடித்து ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டு, உன் அம்மாவிடம் வந்து சொன்னாள்: "அக்கா, பெத்தா இப்டி ஒண்ண பெக்கணும்." உன் அம்மா அப்போதுதான் அழுதாள். பாலத்தில் அழாதவள்.

அறுந்த இடத்தை ஒட்டித் தந்துவிடுங்கள், நாளைக் காலையில் கிளம்பவேண்டும் என்றேன். "கெளம்பலாம் சார். ஆனா நா அனுப்ப மாட்டேன்" என்றார். பைப்பை முழுதாக மாற்றவேண்டும், ஸ்பிரிங் இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும், மூன்று நாள் ஆகும். எந்த வேலைக்கு எவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிட்டார், கடைசி வரை அதில் மாற்றமில்லை. கழற்றின ஒவ்வொரு பாகத்தையும் என் முன்னால் ஒரு சாக்கில் வரிசையாக வைத்து, இது போகும், இது தேறும் என்று காட்டினார். வழியில் எங்காவது உனக்கு வேலை நேர்ந்தால் இப்படிக் காட்டுகிறவரைத் தேடு. கேட்டதும் முகம் சுளிக்காமல் காட்டுகிறவர் கையில் வண்டியை நம்பிக் கொடு. நீயும் அவரிடம் நடந்ததை மறைக்காமல் சொல். உன் தப்பு எதுவோ அதையே முதலில் சொல்லிவிடு. மிச்சமெல்லாம் சீக்கிரம் முடியும்.

வீடு எட்டே கிலோமீட்டர். ஆனால் எப்படித் திரும்பிப் போவது? மாலை இன்னும் வாடவில்லை. "இங்கேயே இருந்துருவோமே, வண்டியிலதான் எல்லாம் இருக்கே" என்று உன் அம்மா சொன்னாள். அப்படி, உலகம் சுற்றக் கிளம்பின நாங்கள் திருவொற்றியூரில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குள் மூன்று நாள் குடியிருந்தோம். கடையைப் பார்த்துக்கொண்டிருந்த கணேசன் போன் பண்ணினான். நெல்லூர் தாண்டிவிட்டோம் என்றேன். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. "அண்ணாச்சி, நெல்லூர்ல கப்பல் சத்தம் கேக்குது?" என்றான். உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அவளுக்கு அந்த மூன்று நாளும் விடுமுறை மாதிரி. தனத்தின் சமையலை இவள் சாப்பிட்டாள். இவள் வேனுக்குள் சமைத்த தேங்காய் அரைத்த மீன் குழம்பை ஷெட்டே சாப்பிட்டது. இரண்டாம் நாள் காலையில் சேகர், பாலத்தில் கல் வைத்தவன், எங்கள் வண்டி என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தான். வேன் வாசலில் கண்ணாடி போட்டுக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளைப் பார்த்தான். அப்படியே நின்றான். கையில் இருந்த பீடியைப் பின்னால் மறைத்தான்.

"டீச்சர்... நீங்க மூணாங்கிளாஸ் டீச்சர்தான? நா சேகரு. கடைசி பெஞ்சி. மேப்ப மடிச்சி ராக்கெட் வுட்டு உங்ககிட்ட அடி வாங்கினவன்."

"அடிச்சேனா?" என்றாள் அவள், வருத்தமாக.

"அத வுடுங்க டீச்சர். நீங்க வெரல வெச்சி காட்னீங்களே, கோதாவரி, சிலிகா, அங்கெல்லாம் நா மாசத்துக்கு ரெண்டு வாட்டி போய்கினு வந்துகினு கீறேன்."

அவள் கீரையை ஒதுக்கிவைத்துவிட்டு நோட்டை எடுத்துவந்தாள். அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். எந்த இடத்தில் காலையிலேயே பாலம் தாண்டவேண்டும், எங்கே பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தித் தூங்க விடுவார்கள், எங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும். குளிக்கத் தண்ணீர் கிடைக்காத ஒரு ஊரும் அந்த வழியில் இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. அந்தப் பெரிய தொட்டியைக் கழற்றித் தனத்திடமே கொடுத்துவிட்டோம். சடையங்குப்பத்தில் அவர்கள் வீட்டு மாடியில் இருக்கிறது. மழையில் தெருவெல்லாம் வெள்ளம் நின்றபோது அதில் பிடித்துவைத்த தண்ணீரைத்தான் நாலு வீட்டுக்காரர்கள் குடித்தார்கள் என்று போனில் சொன்னாள்.

மூன்றாம் நாள் வேலை முடிந்தது. நான் பணத்தை எடுத்தபோது ஏழுமலை வாங்கவில்லை. "சாவிய எடுங்க, நீங்க ஓட்டுங்க" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார். வண்டிக்குள் இருந்த சாமான் எல்லாவற்றோடும், அதே எர்ணாவூர் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏறினேன். இறக்கத்தில் என் வலது கால் உதறியது. வண்டி அழகாக நின்றது, ஆனால் என் கால் நிற்கவில்லை. "திரும்பி வாங்க, இன்னொரு வாட்டி" என்றார். நாலு தடவை ஏறி இறங்கினோம். "வண்டி செரியாயிட்ச்சி சார். இப்ப உங்கள செரி பண்ணிகினு கீறேன்" என்றார். நாலாவது தடவை என் கால் ஆடவில்லை. அதற்குப் பிறகுதான் ஷெட்டுக்குத் திரும்பிப் பணத்தை வாங்கிக்கொண்டார். அப்படி ஒரு மனிதருக்கு நன்றி எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இன்னா சார் இது" என்று அவர் கையை உருவிக்கொண்டார். எண்ணெய் என் சட்டையில் படும் என்று.

நாங்கள் சிலிகா வரை போனோம். உனக்குப் படங்கள் அனுப்பினாள். அனுப்பாத ஒன்றைச் சொல்கிறேன். ஏரிக்கரையில் அக்கரை தெரியாமல் விரிந்து கிடந்த தண்ணீரைப் பார்த்து வெகுநேரம் நின்றுவிட்டு, "முப்பது வருஷமா பிள்ளைகளுக்குத் தப்பாக் காட்டிட்டேங்க. படத்துல ஒரு பொட்டு மாதிரி இருக்கும், நானும் ஒரு பொட்டுன்னே நெனச்சேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பிகிட்ட தொட்டி விஷயத்தச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேன். சிரிச்சான்" என்றேன்.

சொல்லவில்லை. போகட்டும், நேரில் சொல்லலாம் என்று நினைத்தேன். நேரில் வந்தபோது கிறிஸ்துமஸ், நல்ல நாளில் எதற்கு என்று விட்டேன். அப்புறம் பொண்ணு பார்த்தல், நிச்சயம், கல்யாணம். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. நீயும் அந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வசதியானதை நம்பிப் பழகினவன் நான் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன்.

போன வாரம் ஜெனி கடைக்கு வந்தாள். "மாமா, அவர் வேனை மூணு எடத்துல காட்டிட்டார். மூணு பேரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. இருந்தாலும் நம்ப மாட்டேங்கறார். நான் செஞ்ச வண்டி, நான் எந்த போல்ட்டை விட்டேன்னு இன்னும் தெரியலங்கறார். டூல்ஸ் எல்லாத்தையும் சிநேகிதனுக்குக் குடுத்துட்டார். நாங்க ட்ரிப்பே போக வேணாமா மாமா?" என்று கேட்டாள். கல்லாவுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பதிமூன்று வயதில் நீ நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் பாயில் பரப்பி வைத்திருந்தாய். நான் அத்தனையையும் வாரிக் குப்பையில் போட்டேன். இரண்டு நாள் கொடுத்திருந்தால் நீ மாட்டியிருப்பாய். அந்த வயதில் கடிகாரம். இந்த வயதில் உன் கையையே உன்னிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன்.

நீ எந்த போல்ட்டையும் விடவில்லை, தம்பி. ஏழுமலை வண்டியின் அடியில் மூன்று நாள் கிடந்து பார்த்தார். நீ போட்ட ஒன்றைக்கூட அவர் மாற்றவில்லை. நோட்டில் நீ எழுதினபடி நான் இருந்திருந்தால் அந்த பைப் இன்றைக்கும் அப்படியே இருந்திருக்கும். அந்த வண்டியால்தான் உன் அம்மா இருபது நாள், வழியெல்லாம் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டு பயணம் போனாள். நான் செய்யத் தவறினதை நீ செய்தாய். அதற்கு நான் உனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

இதுவரை எழுதினதை முதலில் உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். சிலிகாவில் அவளிடமும் பொய் சொன்னது அவளுக்கு இதில்தான் தெரிந்தது. நின்றபடியே படித்தாள். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மத்தியானம் சோறு போடும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "இதக் கையில குடுத்துட்டு நீங்க கடைக்கு ஓடிரக் கூடாது."

ஓட மாட்டேன். அன்றைக்கு உன்னைப் பத்துப் பேர் கேட்கத் திட்டினேன். அதனால் இந்த ஒரு கடிதத்தோடு தீர்ந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. ஏழுமலையையும் தனத்தையும் வெள்ளிக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறேன். சேகர் லோடு இல்லாவிட்டால் வருவதாகச் சொன்னான். போதகர் வருவார், கணேசன் வருவான், பக்கத்துக் கடைக்காரர்கள் எப்படியும் வந்து நிற்பார்கள். அத்தனை பேருக்கும் முன்னால், உன் மனைவி பக்கத்தில் இருக்கும்போது, நான் பேசப் போகிறேன். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. வார்த்தை முன்னே பின்னே வரும், நடுவில் நின்றும் போகலாம். எப்படியிருந்தாலும், தப்பு என்னுடையது, இந்த வண்டியை என் மகன் ஒரு குறையும் இல்லாமல் செய்தான் என்பதைச் சொல்லி முடித்துவிடுவேன். அதுவரை நீ இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதே.

உன் அப்பா